பங்காளி டிஸ்க்

கார்த்திகை தீபத்துக்கு ஆன்லைனில் சீட்டு விடும் காலையில், திருவண்ணாமலை திருவூடல் தெரு வீட்டில் எல்லோர் கையிலும் போன் இருக்கும். 2023-இல் பரணி தீபத்துக்கு 500 சீட்டு, மகா தீபத்துக்கு 1,100. எங்கெங்கோ இருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். என் நினைப்பு திரைக்குப் பின்னால் போய்விடும். ஒரே சீட்டு இரண்டு பேருக்குப் போகக் கூடாதென்றால், ஒவ்வொரு பதிவும் பத்திரமாக எழுதி முடிந்த பிறகுதான் உறுதி சொல்ல முடியும். அந்த எழுத்து எங்கே விழுகிறது, எத்தனை மில்லிசெகண்டில்?

இப்படிக் கேட்கப் பழக்கியவர் சென்னையில் எனக்கு மேலே இருந்த ஒரு சார். 2008 வாக்கில், ஒரு நிதி நிறுவனத்தின் டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் பொதுவான ஸ்டோரேஜ் பார்த்துக்கொண்டிருந்தோம். விலைப்பட்டியல் எல்லாம் டெராபைட்டாகவே பேசியது. "இடத்தை விடும்மா, டிஸ்க் எத்தனைன்னு பாரு" என்று காகிதத்தை இழுத்தார். நிமிடத்துக்கு 15,000 சுற்றுச் சுற்றும் டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 4 மில்லிசெகண்ட். தலை நகரும் நேரமும் சேர்ந்தால் நொடிக்குச் சுமார் 180 வேலை. 24 டிஸ்குக்கு 4,320. ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கே நான்கு வேலை: பழைய தரவையும் பாரிட்டியையும் படித்து, புதிய இரண்டையும் எழுத வேண்டும். வெறும் எழுத்தாகவே வந்தால் மிஞ்சுவது 1,080. ரெய்டு 10-இல் 2,160, ஆனால் பாதி இடம் போய்விடும். எனக்குப் பௌர்ணமிக் கூட்டம் ஞாபகம் வந்தது. கோயில் 25 ஏக்கர், ராஜகோபுரம் 217 அடி; வரிசை நகர்வதோ கருவறை முன்னால் ஒருவர் நிற்கும் நேரத்தைப் பொறுத்து.

அப்போது சண்டையெல்லாம் கம்பியைப் பற்றித்தான். ஃபைபர் சேனலா, சாதாரண ஈதர்நெட்டில் ஓடும் ஐஸ்கஸியா? ஐஸ்கஸி 2004-இல்தான் தரநிலையாக வந்திருந்தது. தனி நெட்வொர்க் போட்டால் பெரும்பாலான வேலைக்கு அது போதும் என்றே இன்றும் சொல்வேன். ஆபத்து, அதே டிஸ்கைப் பங்குபோடும் பங்காளியிடம் இருந்தது. ஒரு மாதக் கடைசியில், ராத்திரி தொடங்கிய பேக்கப் விடிந்தும் முடியாமல், டேட்டாபேஸ் இருந்த அதே டிஸ்குகளில் ஓடியது. கிளைகள் திறந்தன. கவுன்ட்டர்களில் திரை அசையவில்லை. பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் டேட்டாபேஸின் லாகுக்குத் தனி டிஸ்க், பேக்கப்புக்கு வேறு பெட்டி.

இப்போது ஃபிளாஷ். 2016-இல் வந்த என்விஎம்இ ஓவர் ஃபேப்ரிக்ஸ், நெட்வொர்க் வழியாகவே மைக்ரோசெகண்ட் கணக்கில் பதில் வாங்கித் தருகிறது. பங்காளி மட்டும் போகவில்லை. முன்பைவிடக் கூடியிருக்கிறார்கள், ஒரே பெட்டியின் மேல் எத்தனையோ மெய்நிகர் சர்வர்கள். அண்ணன் மகள் இதே வேலையில் இருக்கிறாள். "அத்தை, சராசரி அரை மில்லிசெகண்ட்தான் காட்டுறாங்க, வாங்கிடலாமா?" என்று போனில் கேட்டாள்.

"சராசரி வேணாம்டி. மாசக் கடைசி லோடைப் போட்டு, கூடவே பேக்கப்பையும் ஓடவிட்டு, நூறுல மெதுவா வர்ற அந்த ஒண்ணு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு அளந்து தரச் சொல்லு. அது வர்றவரைக்கும் கையெழுத்துப் போடாதே."