சிமெண்டை உரித்த பிறகு தெரிந்த சுவர்

முதல் நாள் மேஸ்திரி என் கையில் கரணையைக் கொடுக்கவில்லை. உளியும் சுத்தியலும் கொடுத்தார். "பூசறது அப்புறம், தம்பி. முதல்ல உரிக்கக் கத்துக்க."

உரிக்க வேண்டியது எங்கள் ஆயா வீட்டுச் சுவர். அரூரிலிருந்து கோட்டப்பட்டி போகும் வழியில் உள்ள ஊர் எங்களுடையது. தாத்தா காலத்தில் செம்மண்ணை மிதித்து, படை படையாக வைத்து எழுப்பிய ஒன்றரை அடிக் கனச் சுவர். நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா அதற்குச் சுற்றிலும் சிமெண்ட் பூசினார். நெல் விற்ற பணம் முழுவதும் அதற்கே போனது. அம்மாவுக்கு இனி மெழுகுகிற வேலை இல்லை என்ற சந்தோஷம் அவருக்கு. சில மழைக்காலம் கழித்துத் தரையை ஒட்டிய பகுதி உப்பியது. அதன்மேலும் சிமெண்ட் வைத்தார். பிறகு வடமேற்கு மூலையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. இடித்துவிடலாம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தபோதுதான் நான் டிப்ளமோ சிவில் முடித்து ஊருக்கு வந்தேன். ஆயா மட்டும் சம்மதிக்கவில்லை. எங்கள் பகுதியில் மண்வீட்டு வேலை தெரிந்தவர் என்று மிச்சமிருந்த எழுபது வயது மேஸ்திரியைக் கூப்பிட்டுவரச் சொன்னாள்.

சிமெண்ட் பாளம் பாளமாக வந்தது. பின்னால் இருந்த மண் நனைந்த வெல்லம் மாதிரி இருந்தது. விரலை வைத்தால் உள்ளே போனது. இரண்டு முழம் மேலே உரித்தால் அதே மண், உளி பட்டுத் தெறிக்கிறது. மேஸ்திரி ஈர மண்ணைக் கையில் எடுத்துக் காட்டினார். "இது மழையில நனஞ்சதில்ல. தரையிலேர்ந்து ஏறின ஈரம். வெளிய போக வழியில்லாம இங்கயே நின்னுடுச்சு."

மண்சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. அதோடு, வெயிலுக்கும் குளிருக்கும் மண் ஒரு அளவில் அசையும், சிமெண்ட் வேறு அளவில் அசையும். அதனால் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. அதன் வழியே நுழைந்த மழைநீரும் உள்ளேயே தங்கிவிடுகிறது. மூன்று ஆண்டு படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பாடத்தில் மண் என்பது அஸ்திவாரத்துக்குக் கீழே இருப்பது, அவ்வளவுதான்.

மண் தேர்வு செய்ய நான் பாட்டிலோடு போனேன். மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் மணல் அடியிலும் களி மேலேயும் படியும். மேஸ்திரி ஒரு சிட்டிகையை முன்பல்லில் வைத்துக் கடித்தார். நறநறப்பில் மணல் எவ்வளவு என்று சொல்லிவிட்டார். மறுநாள் பாட்டிலைப் பார்த்தோம். அவர் சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மண்ணோடு சாணமும் நறுக்கிய கேழ்வரகுத் தாளும் சேர்த்துப் பத்து நாள் புளிக்க வைத்தோம். அந்த வாடை உடம்பைவிட்டுப் போக இரண்டு குளியல் வேண்டும். தினமும் தண்ணீர் விட்டு மிதிக்க வேண்டும். குதிகாலில் ஒட்டாமல் வழுக்கிப் போகும் பதம் வந்தால் சரி என்பார் மேஸ்திரி. எனக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆனது.

நான் பூசிய முதல் சுவர் மூன்றாம் நாள் வற்றிய ஏரி மாதிரி வெடித்தது. மேஸ்திரி திட்டவில்லை. வெடிப்பில் விரலை ஓட்டிப் பார்த்து, "களி ஜாஸ்தி. மணல் கேக்குது" என்றார். கொல்லைப்பக்கச் சுவரில் முழ அகலத்துக்கு ஐந்து கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் மணலைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். மணல் குறைந்தது வெடித்தது. மணல் மிகுந்தது உள்ளங்கையால் தேய்த்தால் உதிர்ந்தது. எங்கள் மண்ணுக்கு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மணல் நின்றது. பக்கத்து ஊர் மண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அங்கே மறுபடி ஐந்து கட்டம் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அடுத்த சுவர் வெடிக்கவில்லை, ஆனால் பெயர்ந்து விழுந்தது. பழைய சுவரை நனைக்காமல் பூசியிருந்தேன். காய்ந்த சுவர் புதுப் பூச்சின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதால் பிடிப்பு இல்லாமல் போயிருந்தது.

மூலை வெடிப்பை மேலே பூசி மறைக்க மேஸ்திரி விடவில்லை. இரண்டு பக்கமும் படிக்கட்டு மாதிரி வெட்டி எடுத்து, நனைத்து, பச்சைக்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று கோத்துக் கட்டினோம். சுடாத கல்; அதே மண்ணில் அறுத்து நிழலில் காயவைத்தது.

வெளிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீரில் தாளித்தால் கொதிக்கும்; கிட்டே போகக் கூடாது. ஒரு மாதம் தண்ணீருக்கடியில் ஊறவைத்தோம். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீரில் குழைத்தோம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்ல மறுபடி கல்லாகிறது. ஈரத்தையும் மண்ணைப் போலவே வெளியே விடுகிறது. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கில் சேராமல் போனது சில பத்து மூட்டைகள்தான். ஆனாலும் அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

வேலை நடுவே ஒரு நாள் மண் கட்டடங்களைப் பார்க்கச் சிட்லிங்கி போய் வந்தேன். 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கிய பள்ளத்தாக்கு அது. கட்டடக் கலைஞர்களான அனுராதாவும் கிருஷ்ணாவும் 2004-இல் தொடங்கிய துளிர் கற்றல் மையம் அங்கேதான் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் இன்னொரு பக்கம் நாகர்கூடலில், கட்டடக் கலை படித்த மீனாட்சி உமேஷ் நடத்தும் புவிதம் பள்ளியும் மண் கட்டடங்களில்தான் நடக்கிறது. வீடு கட்டும் பொருள் ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதாகக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சொல்லிவந்தார். ஆயா வீட்டுக்குச் சுண்ணாம்பும் ஓடும் தவிர எல்லாம் இரண்டு மைலுக்குள்ளேயே கிடைத்தன.

பழையபடியே விட்டுவிடவும் இல்லை. தகரக் கூரையை எடுத்துவிட்டு, இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய சீமை ஓட்டைப் போட்டோம். தாழ்வாரத்தை இரண்டரை அடி வெளியே இழுத்தோம். சுவரில் சாரல் அடிப்பது நின்றது. புதிய குளியலறைக்கு மண் வேண்டாம் என்றவர் மேஸ்திரிதான். அதைச் செங்கல்லில், பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டாக எழுப்பினோம். கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே இடைவெளி விடும் முறை. செங்கல் சுமார் கால்பங்கு மிச்சம். இது மேஸ்திரிக்குப் புதிது. நான் வரைந்து காட்டியதை இரண்டு வரிசை கட்டிப் பார்த்தபிறகே ஒப்புக்கொண்டார்.

குடிசை இல்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-இல் அறிவித்த 'கலைஞர் கனவு இல்லம்' திட்டத்தில் அரசு ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. ஒழுகும் ஓலைக்கு அடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய காரியம்; குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேகத்தில் நல்ல மண்சுவர்களும் சேர்ந்து இடிபடுகின்றன. அவற்றைச் சீர் செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பழுது பார்ப்பதற்கும் அரசு பணம் கொடுக்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மண்வேலையும் சுண்ணாம்பு வேலையும் பாடமாகட்டும். கற்றுக்கொடுக்க எங்கள் மேஸ்திரி மாதிரி ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

உங்கள் ஊரிலும் தாத்தா கட்டிய மண்வீடு ஒன்று வெடித்து நிற்கலாம். ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன், தரையை ஒட்டி ஒரு முழம் சிமெண்டை உரித்து, நாலு நாள் வெயில் பட விட்டு, சுவரைத் தொட்டுப் பாருங்கள்.