எந்தத் தாங்கி?

லண்டன் ஹரோ பகுதியில் 1930-களில் கட்டிய வீடு அது. கூரை விளிம்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த குழாயிலிருந்து இரவு முழுக்கத் தண்ணீர் சொட்டியது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கோடையில் கிணற்றின் அடி தெரிவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, நல்ல தண்ணீர் கேட்பாரற்று விழும் சத்தத்தில் தூக்கம் வரவில்லை.

பழைய பிரித்தானிய வீடுகளில் தண்ணீர்த் தாங்கிக்கு மொட்டை மாடி கிடைக்காது. சாய்கூரைக்கு அடியில் 'லொஃப்ட்' எனப்படும் இருட்டுப் பரணில்தான் அதற்கு இடம். பரண் தரை முழுவதும் குளிருக்குக் கண்ணாடி இழைப் பஞ்சு விரிப்பவர்கள், தாங்கிக்கு நேர் கீழே மட்டும் விரிக்காமல் விடுவார்கள். வீட்டின் கதகதப்பு அந்த வழியாக மேலேறி, பனிக்காலத்தில் நீர் உறையாமல் காக்கும். மட்டம் மீறும் நீரைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் எல்லார் கண்ணிலும் படும்படி கொட்டுவதற்கு ஒரு குழாய் உண்டு. எச்சரிக்கைக் குழாய் என்றே அதற்குப் பெயர்.

வீட்டுக்காரரும் யோசிக்காமல் இறங்கவில்லை. ஊர் உறங்கும் நேரத்தில் தெருக்குழாயில் அழுத்தம் கூடும். தாங்கிக்கு வரும் நீரை அடைக்கும் மிதவை வால்வில், பகலில் தாக்குப்பிடிக்கும் தேய்ந்த வாஷர் இரவில் விட்டுக்கொடுக்கும். நியாயமான கணக்குத்தான். வாஷரை மாற்றினார். சொட்டு நிற்கவில்லை. அடுத்த வாரம் மிதவை வால்வையே புதிதாகப் போட்டார். அப்போதும் நிற்கவில்லை.

ஈஸ்ட்ஹாமிலிருந்து வந்த வயதான பிளம்பர் கருவிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. பரணேறியதும் தாங்கியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. அதன் பிறகே பேச்சைத் தொடங்கினார்.

கை வைத்துப் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. 2002-இல் சாமர்செட் வட்டாரத்தின் டோன்டன் நகரில், சுடுநீர்ச் சிலிண்டரின் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் காற்றுக்குழாய் வழியே பரண் தாங்கிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தாங்கி வெப்பத்தில் இளகிச் சரிந்தது. கீழறையில் தூங்கிக்கொண்டிருந்த பத்து மாதக் குழந்தை இறந்துபோனது. வெளியே வழியும் நீர் சூடாக இருந்தால் வாஷரைப் பற்றி யோசிக்கக்கூடாது. மின்சூடாக்கியை உடனே அணைத்துவிட்டு, தாங்கிக்குக் கீழுள்ள அறையிலிருந்து எல்லாரையும் வெளியேற்ற வேண்டும்.

"தம்பி, எந்தத் தாங்கியிலயிருந்து வருது எண்டு பாத்தனீரே?"

"எல்லாம் ஒண்டுதானே, அண்ணை?"

இல்லை. பரணில் தாங்கிகள் இரண்டு. பெரியது 227 லிட்டர், அதாவது பழைய கணக்கில் ஐம்பது காலன். குளியலறைக்கும் சுடுநீர்ச் சிலிண்டருக்கும் நீர் தருவது. மூலையில் இருந்த சிறியது ரேடியேட்டர்களில் ஓடும் நீருக்கானது. இரண்டின் எச்சரிக்கைக் குழாய்களும் வெளியே அருகருகே எட்டிப்பார்த்தன. இரண்டு வாரமாக வீட்டுக்காரர் வைத்தியம் பார்த்தது நோயே இல்லாத பெரிய தாங்கிக்கு.

சிறிய தாங்கியின் மூடியைத் திறந்த பிளம்பர் முகம் சுளித்தார். "இந்தத் தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கக்கூடாது." ரேடியேட்டர் நீர் வருடக்கணக்கில் மாறாமல் சுற்றுவது, துருவும் துரு தடுக்கும் மருந்தும் கலந்து நிறம் மாறியிருக்கும். இதுவோ கிணற்று நீர்போல இருந்தது. எங்கிருந்தோ புதுநீர் நுழைகிறது.

மிதவையின் கையை மேலே தூக்கி, தாங்கிக்குக் குறுக்கே வைத்த தடியில் கயிற்றால் கட்டினார். வால்வு மூடிக்கொண்டது. இரண்டு குவளை நீரை மொண்டுவிட்டு, மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டார். கீழே இறங்கித் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், நீர் கோட்டைத் தாண்டியிருந்தது. வரும் வழியை அடைத்த பிறகும் மட்டம் ஏறுகிறதென்றால், நீர் அடியிலிருந்துதான் வருகிறது. ஒரு முழக் கயிறு சொன்ன சேதி அது. புது வால்வுகளால் சொல்ல முடியாதது.

சிலிண்டருக்குள் ஒரு செப்புச் சுருள் இருக்கிறது. உள்ளே கொதிகலனின் நீர். வெளியே குளிக்கும் நீர். இரண்டும் கலக்கவே கூடாது. சுருளில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும். தாங்கிகள் இரண்டும் ஒரே பலகைமேல் இருந்தாலும் பெரியதன் நீர்மட்டம் ஒரு சாண் கூடுதல் உயரம். அந்த உயரத்தின் அழுத்தம் குளிநீரை ஓட்டை வழியே தள்ளி, சிறிய தாங்கியில் ஏற்றி, வெளியே வழியவிடும். சந்தேகம் தீர, பெரிய தாங்கியிலிருந்து சிலிண்டருக்கு இறங்கும் குழாயின் வால்வைப் பிளம்பர் மூடினார். கோடு அப்படியே நின்றது.

இதற்குச் சிலிண்டரை மாற்றுவதுதான் வழி. தள்ளிப்போடவும் முடியாது. புதுநீரோடு வரும் ஆக்சிஜன் ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரித்துவிடும்.

புதுச் சிலிண்டர் வந்தது; துரு தடுக்கும் மருந்தும் ஊற்றியாயிற்று. சிறிய தாங்கியின் மிதவையைப் பிளம்பர் வேண்டுமென்றே தாழ்த்தி, அடியில் நான்கு விரல் நீர் மட்டும் விட்டார். சூடேறினால் நீர் பருக்கும்; கொதிநிலை வரை போனால் நூற்றுக்கு நான்கு பங்கு. அதற்கு இடம் வேண்டும். அன்று மாலை வீட்டுக்காரர் கொதிகலனைப் போட்டுவிட்டுக் கைவிளக்கோடு பரணில் குந்தினார். நீர் மெல்ல ஏறியது. எச்சரிக்கைக் குழாய்க்கு ஒரு சாண் கீழே நின்றது.