குடிசாதனப்பள்ளி ராமமூர்த்திக்கு

தம்பி ராமமூர்த்தி,

உன்னை நான் பார்த்ததில்லை. ஓசூர்ப் பக்கத்துக் குடிசாதனப்பள்ளி என்ற உன் ஊர்ப் பெயரைக்கூட 2016 பிப்ரவரியில் செய்தித்தாளில்தான் படித்தேன். வெளியூர்க்காரர்களுக்கு ஓசூர் என்றால் சிப்காட், ரோஜாத் தோட்டம், பெங்களூருக்குப் போகிற வழி, அவ்வளவுதான். சியாச்சின் பனிச்சரிவில் சிக்கிய ராணுவ வீரர்களின் பட்டியலில் உன் பெயருக்கு நேரே 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று இருந்தது. பிழைக்க வருகிற ஊர் என்றே பேர் வாங்கிய மண்ணுக்கு அன்று வேறொரு பேர் வாங்கித் தந்தாய்.

தம்பி, அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தேனோ. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியன், பத்துப் பேர். ஹாசன் நாகேஷா, மைசூரு மகேஷா, தார்வாட் ஹனுமந்தப்பா, கொல்லம் சுதீஷ், கர்னூல் முஷ்டாக் அகமது, சதாரா சூர்யவன்ஷி. நம் பக்கம் வேலூர் ஏழுமலை, தேனி குமார், மதுரை கணேசன், நீ. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் காதில் விழுகிற பாஷைகள் ஏறக்குறைய எல்லாமே 19,600 அடி உயரத்தில் ஒரே முகாமில் இருந்திருக்கின்றன.

தம்பி, மார்கழிக் குளிருக்கே மப்ளர் தேடுகிறவர்கள் நாங்கள். பிப்ரவரி 3 அன்று பனிச்சுவர் சரிந்து உங்கள் முகாமை மூடியது. சிமென்ட்போல இறுகிய பனியை வெட்டி வெட்டித் தேடினார்கள். ஆறாம் நாள் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். வானிலை விடாததால் நீங்கள் ஒன்பது பேரும் டெல்லி வந்து சேர 15ஆம் தேதி ஆகிவிட்டது. ஹனுமந்தப்பாவை நாடே அறியும். உன் பெயரைச் சொன்னால் ஓசூரிலேயே பலர் யாரென்று கேட்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம்தான்.

தம்பி, நான் உனக்குப் பட்ட பெரிய கடன் அதே வருடம் செப்டம்பரில். காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. நம் எல்லையில் ஜூஜூவாடியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் குழந்தையும் மூட்டையுமாக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு நடந்தார்கள். அங்கிருந்தும் அப்படியே வந்தார்கள். என்னோடு ஷிப்ட் பார்க்கிற ஹாசன்காரர் வேலைக்கு வரவில்லை. போன் போட்டேன், என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. கடைசியில் நான்தான் நாகேஷாவின் பேச்சை எடுத்தேன். தேஜூர்க்காரர்தானே என்றார் அவர். உன்னைப் பற்றியும் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு வந்தது. பஸ் ஓடத் தொடங்கியதும் அவர் வேலைக்கு வந்துவிட்டார். தண்ணீர் விஷயத்தில் அவருக்கும் எனக்கும் இன்றைக்கும் ஒத்துப்போகாது; அதை உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்.

உன் ஊர்ப் பக்கத்து அண்ணன்