அப்பாருவின் மருந்துப் பலகை

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் துப்பாக்கிகள் ஊரைவிட்டுக் கிளம்பும். உரிமம் வைத்திருக்கும் குடியானவர்கள் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிள் பாரில் கட்டி, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வார்கள். ஓட்டு எண்ணி முடித்த பிறகு போய்த் திரும்ப வாங்கி வருவார்கள். உடுமலைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து எங்கள் தாத்தா, அப்பாருவின் துப்பாக்கியும் அப்படிப் போய் வந்திருக்கிறது. அது ஸ்டேஷனில் இருக்கும் நாட்களில் தொழுவத்துக் கிழக்கு மூலையில் அதற்கு மருந்து கெட்டிக்கிற பலகை சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று யாரும் அதன்மேல் ஒரு சொம்பைக்கூட வைக்கமாட்டார்கள்.

அது குழல்வாயில் மருந்து போட்டுக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இந்த வகையைத் தனியாகவே சொல்கிறது: மெய்யாகவே பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் உரிமம் தரலாம். 1962 அக்டோபரில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடலைக்காட்டில் பன்றி இறங்குகிற ஊரில் அந்த ஒரு வரி எத்தனை குடும்பத்துக்குத் தைரியம் கொடுத்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்பாரு அதைப் பெரும்பாலும் சத்தத்துக்குத்தான் வைத்திருந்தார். ரவை போடாமல் மருந்தும் நாரும் மட்டும் வைத்து வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. காடு முழுக்க அதிரும், பன்றிக் கூட்டம் மலையைப் பார்த்து ஓடும்.

பலகையைச் சொல்ல வேண்டும். வேப்பம்பலகை, மண்சுவரில் முளையடித்து இடுப்பு உயரத்துக்கு நிறுத்தியது. உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை என்பதால் முக்காலிகூடப் பக்கத்தில் கிடையாது. அடுப்படி வீட்டின் மறுகோடி. கருமருந்து மாட்டுக்கொம்பில், மரத்தக்கை போட்டு. ரவை ஒரு கண்ணாடி பாட்டிலில். தேங்காய் நார் ஒரு கொட்டாங்குச்சியில். மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு மட்டும் அந்தப் பலகைக்கே வராது. அது எதிர்ச்சுவர் மாடத்தில், மூடி இறுகின தகர டப்பாவில் இருக்கும். வெயில் சாய்ந்துவிட்டால் அந்த மூலையில் வேலை இல்லை, ஏனென்றால் அங்கே விளக்கு வரக்கூடாது. பீடியும் தீப்பெட்டியும் தொழுவத்து வாசற்கல்லிலேயே நின்றுவிடும்.

முதல் காரியம், இரும்புக் கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்ப்பது. கம்பியில் அரத்தால் போட்ட ஒரு கோடு உண்டு. குழல் காலியாக இருந்தால் அந்தக் கோடு வாய்க்குச் சரியாக வந்து நிற்கும். கோடு மேலே தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். முந்தின நாள் தன் கையாலேயே காலி செய்து வைத்திருந்தாலும் இன்றைக்குக் கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றது. நானும் அக்காவும் வைக்கோல் போர்ப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்போம். "அக்கட்டால போங்க சாமி, கெட்டிச்சு முடிச்சுட்டுக் கூப்படறேன்" என்பார். அதட்டல் இருக்காது. ஆனால் நாங்கள் போய்விடும்வரை கை அசையாது. பேசிக்கொண்டே அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததே இல்லை. கேப்பை வைப்பது கடைசியில், அதுவும் காட்டுக்குப் போன பிறகு.

சிவகாசிப் பக்கம் பட்டாசு மருந்து அறைகளுக்கு எழுதி வைத்திருக்கும் விதிகளைப் பின்னாளில் படித்தபோது அந்த மூலை கண்முன் வந்தது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், உடம்பில் மின்சாரம் தங்கவிடாத பருத்தித் துணி வேண்டும். அப்பாரு இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் பார்த்தவர் இல்லை. நாலு முழ வேட்டியும் வெறுங்காலுமாகத் தனியாக நின்று செய்தார், அவ்வளவுதான். விதி மீறப்பட்டு வெடித்த செய்தி ஒவ்வொரு வருஷமும் விருதுநகர் மாவட்டத்திலிருந்து வருகிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

அக்கா கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனாள். பதினைந்து வேலம்பாளையத்தில் லைன் வீடு. எண்பதுகளில் ஏற்றுமதி பெருகி, பனியன் கம்பெனிக்குள் அடங்காத வேலை பவர் டேபிள்களுக்கும் வீடுகளுக்கும் வழிந்த காலம் அது. முன்னறையில் ஓர் ஓவர்லாக் மெஷின் போட்டார்கள். கட்டில், பீரோ, சாமிப்படம், பிள்ளைத் தொட்டில் எல்லாம் அதே அறையில். மெஷின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் ஓடக்கூடியது. அந்தக் காலத்துக் கிளட்ச் மோட்டார், கால் வைத்தாலும் வைக்காவிட்டாலும் உறுமிக்கொண்டே இருக்கும். மெஷினின் கத்தி துணியோரத்தை வெட்ட வெட்டப் பஞ்சுத் தூசி பறந்து மோட்டாரிலும் சுவிட்சிலும் போய் ஒட்டும். ஒன்றரை ஷிப்ட் அக்காவே ஓட்டுவாள், மாமா கைமடித்துக் கொடுப்பார்.

ஒருநாள் ஊசி உடைந்தது. பாதி ஊசி மெஷினிலேயே இருந்தது, முனையைக் காணோம். தையல் ஊசி உடைவது திருப்பூரில் தினசரி நடப்பதுதான். ஆனால் தொட்டிலில் பிள்ளை கிடந்தான். அக்கா மோட்டாரை நிறுத்தி, பிள்ளையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அறையில் இருந்த ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்திருக்கிறாள். முனை தொட்டில் துணியின் மடிப்பில் இருந்தது. இதை எனக்குச் சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. "அப்பாரு மூலை மாதிரி ஒரு மூலை வேணும்டா இதுக்கு" என்றாள்.

அந்த வாரமே சமையலறைக்குப் பின்னால் இருந்த ஓட்டுச் சாய்ப்பில் மூன்று பக்கம் அடைத்து மெஷினை மாற்றினார்கள். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தட்டி, பிள்ளை தவழ்ந்து வராமல் இருக்க. மேசைமேல் நூல்கோன், கத்திரி, அப்போது தைக்கிற கட்டு, இவை மட்டும். புது ஊசி வேண்டுமானால் பழைய ஊசியின் எல்லாத் துண்டும் டப்பாவுக்குள் போயிருக்க வேண்டும். பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் இதற்கென்றே நோட்டு இருக்கிறது. உடைந்த துண்டுகளைச் சேர்த்துத் தாளில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதின பிறகுதான் ஸ்டோரில் அடுத்த ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டை ஓரம்கட்டித் தேடியாக வேண்டும். ஏதோ ஒரு நாட்டில் ஒரு குழந்தை போடப்போகிற சட்டை அது. அக்காவிடம் நோட்டு இல்லை. டப்பா இருந்தது. காலையில் மெஷினின் வட்டக் கண்ணாடியில் எண்ணெய் தெறிக்கிறதா என்று பார்ப்பாள், சாயங்காலம் மோட்டாரில் பிரஷ் போடுவாள், போர்டில் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் சோறு போடப் போவாள்.

தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளைதான் இப்போது டெக்சாஸில் இருக்கிறான். அங்கே துப்பாக்கி சுடும் விளையாட்டில் பழக்கமாகி, வீட்டு கராஜில் ஒரு மேசை போட்டிருக்கிறான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை மறுபடி தோட்டாவாக்கும் மேசை. 1943இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் பச்சை நிற அழுத்துக்கருவி ஒன்று அதில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். நம் சட்டத்தின் 5ஆம் பிரிவோ உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கவே விடாது. நம்முடையதே சரி என்பது என் எண்ணம். இத்தனை நெருக்கமாக வீடுகள் ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் அந்த மேசைக்கு இடமில்லை.

வீடியோ காலில் அதைக் காட்டினான். கராஜுக்குத் தனிப் பூட்டு, காற்று தராசை ஆட்டிவிடும் என்பதால் மின்விசிறி இல்லை, போன் உள்ளே வராது. மருந்துகளில் வேகமாக எரிவதும் மெதுவாக எரிவதும் உண்டு. ஒன்றுக்கு ஒன்று மாறிப்போனால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். "மேசை மேல ஒரே டப்பாதானுங் மாமா. ரெண்டாவது டப்பா வந்திருந்தா அன்னைக்கு வேலையே செய்ய மாட்டேனுங்" என்றான். மருந்து போட்ட கூடுகளை வரிசையாகத் தட்டில் நிறுத்தி, எதிலாவது இரண்டு முறை விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்க்கிறான். நான் கம்பியையும் அரக்கோட்டையும் நினைத்துக்கொண்டேன். அவன் அப்பாருவைப் பார்த்ததில்லை. சாய்ப்பில் போட்ட அந்தத் தட்டிக்கு வெளியே நின்று வளர்ந்தவன்.

ஊரில் நிலைமை இப்போது வேறு. கடலை போய் மக்காச்சோளமும் தென்னையும் வந்தன. பன்றியோடு மயிலும் சேர்ந்துகொண்டது. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் தொட முடியாது, தொடவும் கூடாது. பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாடு செய்தது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. அப்பாரு போன பிறகு துப்பாக்கியை அரசிடமே ஒப்படைத்துவிட்டோம். அந்தத் தொழுவத்தைப் பிரித்துக் கொட்டகை போட்டாயிற்று.

திருப்பூரிலோ மெஷின்கள் இன்னும் வீடுகளுக்குள்தான் இருக்கின்றன. இரண்டு அறை வீட்டில் தனி மூலைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அக்காவுக்கும் சாய்ப்புதான் கிடைத்தது. மெஷின் போடப் போகிறவர்கள் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எர்த் லீக் ஆனால் தானே விழும் பிரேக்கர் ஒன்று போடுங்கள். ஊசி டப்பாவுக்கு மூடி இருக்கட்டும். பிள்ளைகள் தூங்கும் அறையில் மட்டும் மெஷின் வேண்டாம். இதற்கெல்லாம் இடம் போதாது என்றால் இரண்டு மெஷின் போடுகிற இடத்தில் ஒன்று போடுங்கள்.