யாருடைய சாயல்

பிள்ளை பிறந்து பத்து நாள் ஆவதற்குள் நம் வீடுகளில் வழக்கு தொடங்கிவிடும். மூக்கு அப்பாவுடையது, நெற்றி தாத்தாவுடையது, "சாயல் மட்டும் அப்படியே அத்தைதான்" என்று. பைபிளின் முதல் அதிகாரத்தைத் தமிழாக்கியவர்கள் இந்த வீட்டுச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மனிதன் கடவுளின் சாயல். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொட்டிலைச் சுற்றி நிற்கும் உறவுக்கூட்டம்தான் கண்ணில் வரும்.

பழைய எகிப்தில் இந்தப் பெருமை அரசனுக்கு உரியது. துத்தன்காமுன் என்ற பெயருக்கே 'ஆமுன் தெய்வத்தின் உயிருள்ள உருவம்' என்றுதான் பொருள். அரியணையில் இருப்பவனுக்குச் சொன்னதை ஆண், பெண் அத்தனை பேருக்கும் சொன்னது பைபிள். இதைவிடப் பெரிய கலகம் எதையும் நான் படித்ததில்லை.

பெங்களூர் சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் மாதா சேலை உடுத்தி நிற்கிறாள். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைவாள். "பாரு, நம்ம வீட்டு ஆள் மாதிரியே இருக்காங்க" என்பாள். கண் கலங்கும். தெய்வத்துக்கு நம் சாயலைக் கொடுப்பது எங்களுக்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

அதே அம்மா, எங்கள் தெருவைக் கூட்ட வரும் பெண்ணுக்கென்று பின்கட்டு ஜன்னல் மேடையில் ஓர் அலுமினிய டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அடி நசுங்கி, நேராக நிற்காது. அவர் அதைத் தானே எடுத்து நீட்ட வேண்டும். அம்மா பாத்திரம் படாமல் மேலிருந்து டீ ஊற்றுவாள். குடித்ததும் அவரே கழுவி, அவரே கவிழ்க்க வேண்டும். ஒருநாள் தவறாமல், எங்களுக்குப் போட்ட அதே ஏலக்காய் டீ. அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அந்தப் பெண்ணின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், மாதா பதக்கம் தொங்கும். தேர் இழுக்க அவரும் வருவார்.

1981-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆண்டுதான், கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி பென்சன் டவுனில் இருக்கும் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் ஓர் உரை ஆற்றினார். வேதாந்தத்தோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த இந்தியக் கிறிஸ்தவ இறையியல், ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்விலிருந்து தொடங்க வேண்டும் என்றார். தலித் இறையியல் அங்கேதான் வேர்விட்டது. இது எனக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து. கோலார் தங்கவயலில் கையால் மலம் அள்ளும் வேலையில் தள்ளப்பட்ட குடும்பத்தில் 1966-ல் பிறந்த பெஜவாடா வில்சனைப் பற்றிப் படித்ததும் அப்போதுதான். அந்த வேலையை ஒழிக்க அவரைப் போன்றவர்கள் போராடினார்கள். 1993-லும் 2013-லும் அதைத் தடைசெய்யும் சட்டங்கள் வந்தன. அதற்குப் பிறகும், 2025 ஜனவரியில், பெங்களூர் உள்ளிட்ட பெருநகரங்களில் சாக்கடைக்குள் மனிதரை இறக்காதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது என் நினைவு நேராக அந்த ஜன்னல் மேடைக்குப் போனது.

அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு காலை. எவர்சில்வர் டம்ளரில் டீ ஊற்றிக் கொண்டுபோனேன். அப்பா பெயர் வெட்டிய டம்ளர். அந்தப் பெண் வாங்கிக்கொண்டார். சூடு தாங்காமல் முந்தானையால் பிடித்துக்கொண்டு, வெட்டியிருந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலிலிருந்து அலுமினிய டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் டீயை அதில் மாற்றினார். எங்கள் டம்ளரைக் குழாயடியில் இரண்டு தரம் அலசி என்னிடம் நீட்டினார்.

"உள்ள வச்சிடு கண்ணு. அம்மா வர்றதுக்குள்ள."