விழித்திருக்கும்போதே குழாய்

மயக்க டாக்டர் என்றால் தூங்க வைப்பவர் என்றுதான் நம் ஊரில் நினைப்பு. சிலரை அவசரப்பட்டுத் தூங்க வைக்காமல் இருப்பதும் எங்கள் வேலைதான்.

முதலியார்பேட்டைக்காரர் ஒருவர். ரோடியர் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்தவர். தூக்கம் வராமலிருக்க வாயில் எப்போதும் பாக்கு. கன்னத்தின் உட்புறம் நார் போல இறுகி, வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. கன்னத்தில் புற்று, ஆபரேஷன் செய்தாக வேண்டும். தூங்க வைத்தால் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு அடைபடும். சில நிமிடங்களுக்குள் குழாய் போகாவிட்டால் மூளை தாங்காது. இந்த வாய் வழியாக எப்படிப் போகும்?

முந்தின நாள் மாலை கட்டிலருகே உட்கார்ந்து சொன்னேன். "முழிச்சிருக்கும்போதே விட்டா செத்துட மாட்டனா சார்?" என்றார். "தூங்கின பிறகு விடத்தான் ஐயா எனக்குப் பயம்" என்றேன்.

காலையில் எச்சில் வறள ஓர் ஊசி. மூக்கில் சொட்டு மருந்து, லிக்னோகெய்ன் ஜெல். அதே மருந்தைப் புகையாக உறிஞ்சச் சொன்னோம். எடைக்கு மேல் கொடுத்தால் வலிப்பு வரும், அதனால் கணக்கு முக்கியம். குரல்வளைக்குக் கீழே மெல்லிய ஊசியால் கொஞ்சம் செலுத்தினேன். இருமினார். அந்த இருமலே மருந்தை உள்ளே பரப்பிவிடும்.

பென்சிலைவிட மெல்லிய ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பை மூக்கு வழியே இறக்கினேன். "மூச்சை நல்லா இழுங்க ஐயா." வெள்ளை நாண்கள் இரண்டும் விலகின. அந்த இடைவெளியில் நுழைந்து, ஸ்கோப்பின் மேலேயே குழாயை வழுக்கி விட்டேன். நர்ஸ் அவர் கையை விடவேயில்லை. ஏதோ சொல்ல வாயசைத்தார், குரல் வரவில்லை. திரையில் கரியமில வாயுக் கோடும் எழுந்தது. அதன் பிறகுதான் தூக்க மருந்து.

இதற்கென்று பிறந்த கருவியல்ல அது. 1967-ல் லண்டனில் பீட்டர் மர்ஃபி பித்தக்குழாய் பார்க்கும் ஸ்கோப்பைத்தான் முதலில் இப்படிப் பயன்படுத்தினார். அதற்கும் முன்னே, 1878-ல் கிளாஸ்கோவில் மக்கீவன் விரலாலேயே தடவிக் குழாய் விட்டிருக்கிறார், நோயாளி விழித்திருக்க. மரக்க வைக்கக் கோகெய்ன்கூட வராத காலம்! நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆபரேஷனுக்கு முன் வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். பாஸ்டனில் வேலை பார்த்த நம் ஆந்திரத்து டாக்டர் மல்லம்பாட்டி 1985-ல் எழுதிய சோதனை அது. குழாய் விடச் சிரமப்பட்டது என்று யாராவது சொன்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டரிடம் முதலில் அதைக் காட்டுங்கள். நம் மில்காரர் அந்தச் சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார்.