‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்று சொன்னால்...

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். நம் மாணவர்கள் பலரிடம் இருப்பதோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய, அதற்கும் முந்தைய லேப்டாப். அதனால் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு அடிக்கடி இந்தக் கேள்வி வருகிறது: “அக்கா, இதுல லினக்ஸ் போட்டுக்கலாமா? ஆனா விண்டோஸும் இருக்கணும்.”

போட்டுக்கொள்ளலாம் தோழர்களே. வழியில் ஐந்தாறு இடங்களில் மாட்டும். அந்த இடங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன்னால், இதை ஏன் நாமே செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எம்.ஏ. சமூகவியல் கடைசிப் பருவத்தில் இருக்கும் ஒரு தங்கை. ஆய்வேட்டுக்காக ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களிடம் எடுத்த 31 நேர்காணல்கள் அவள் லேப்டாப்பில் இருந்தன. யாரை எந்தக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கினார்கள், யாருக்கு எத்தனை மாதச் சம்பளப் பாக்கி, எல்லாம் பெயரோடும் குரலோடும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த வேலையைத் தங்களைச் செய்ய வைக்கிறார்கள் என்று சொல்லத் துணிந்தவர்களின் குரல்கள் அவை. வழிகாட்டிப் பேராசிரியர் பழைய தமிழ் எழுத்துருவில் அனுப்பும் கோப்புகளைத் திறக்க விண்டோஸும் வேண்டும். ஆக, இரண்டும் வேண்டும்.

கடைத்தெருவில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரரின் முதல் கேள்வி, “எந்த ஏரியாம்மா?” அவள் காலனியின் பெயரைச் சொன்னாள். “அங்க லினக்ஸ் எல்லாம் எதுக்கு? ஃபார்மட் பண்ணி விண்டோஸே புதுசா போட்டுத் தர்றேன். பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போங்க, நாளைக்கு வாங்க.”

முதல் வாக்கியம் நமக்குப் புதிதல்ல. என்னைப் பயமுறுத்தியது கடைசி வாக்கியம். அந்த ஒப்பந்ததாரரின் அலுவலகம் அதே தெருவில் நான்கு கடை தள்ளி. 31 பேருடைய வேலையும் பாதுகாப்பும் ஓரிரவு அந்த மேசையில் கிடக்க வேண்டுமா? லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மையத்துக்கு வந்துவிட்டோம்.

முதலில் நேர்காணல்களை இரண்டு வெளிவட்டுகளில் நகலெடுத்து, இரண்டையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, இரண்டு வீடுகளில் வைத்தோம். நகலைத் திறந்து ஒலி கேட்கிறதா என்றும் பார்த்தோம். இது முடியாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது.

அடுத்தது பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பயன்படுத்தும் பல லேப்டாப்களில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயன்படுத்துகிறவருக்கே அது தெரியாது. பயாஸில் சில அமைப்புகளை மாற்றினால், அடுத்த முறை நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கணக்கின் இணையப் பக்கத்தில் இருக்கும். யாருடைய கணக்கு என்பதுதான் கேள்வி. இவள் லேப்டாப்பை முதன்முதலில் திறந்து கொடுத்தது அண்ணன். கணக்கும் அவருடைய மின்னஞ்சலில். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டில் இருந்தார். இடைவேளையில் போன் செய்து 48 எண்களையும் படித்துச் சொன்னார். தாளில் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்தோம். பிறகே பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தோம்.

விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியிலேயே 60 ஜிபி இடத்தைச் சுருக்கிக் காலியாக விட்டோம். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்தோம். அது இருந்தால் ‘ஷட்டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முடியாமல் போகும்.

லினக்ஸ் மின்ட்டை ஒரு 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, கீபோர்டு, ஒலி எல்லாம் வேலை செய்தன. ‘நிறுவு’ என்று கொடுத்தபோதுதான் பெரிய சிக்கல். வட்டே இல்லை என்றது.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. “எல்லாம் போச்சாக்கா?”

எதுவும் போகவில்லை. பயாஸில் சேமிப்பக முறை ‘ஆர்எஸ்டி’ என்று இருந்தது. இன்டெலின் அந்த முறையில் இருக்கும்போது சில கணினிகளில் லினக்ஸுக்கு வட்டு தெரியாது; ‘ஏஹெச்சிஐ’ என்று மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் முரண்டு பிடிக்கும். முதலில் விண்டோஸை ‘சேஃப் மோடில்’ திறக்கும்படி அமைத்துவிட்டு, மறுதொடக்கம் செய்து, பயாஸில் மாற்ற வேண்டும். விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் திறந்து புதிய முறைக்கான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். அதன்பின் சேஃப் மோடை எடுத்துவிடலாம். நடுவில் 48 இலக்கச் சாவியைக் கேட்டது. தாள் கையில் இருந்தது.

அடுத்த முறை நிறுவியில் வட்டு தெரிந்தது. ‘முழு வட்டையும் அழித்து நிறுவு’ என்ற தேர்வு முதலில் வந்து நிற்கும். அதைத் தொடக் கூடாது. காலியாக விட்ட 60 ஜிபியை மட்டும் கையால் தேர்ந்தெடுத்தோம். பயனரின் கோப்புறையைப் பூட்டும் வசதியையும் டிக் செய்தோம். இனி நேர்காணல்களை எழுத்தாக்கும் வேலை அங்கேதான்.

முடிந்ததும் மறுதொடக்கம் செய்தால் நேரே விண்டோஸ் வந்து நின்றது! லினக்ஸ் நிறுவப்படவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பயாஸின் தொடக்க வரிசையில் விண்டோஸ் மேலே இருந்தது. லினக்ஸை மேலே ஏற்றியதும் இரண்டு பெயர்களோடும் பட்டியல் வந்தது. பிறகு விண்டோஸின் பூட்டை மறுபடி இயக்கினோம்.

மறுநாள் இன்னொரு போன்: “அக்கா, விண்டோஸ்ல மணி தப்பா காட்டுது. அஞ்சரை மணி நேரம் பின்னால இருக்கு.” கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். இந்தியாவுக்கு அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். லினக்ஸில் ஒரே கட்டளையில் சரியாகிவிட்டது. இம்முறை காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவளேதான். எனக்குப் போன் செய்தது சொல்லிக் காட்டுவதற்காக.

நம் மக்களுக்கு இரண்டு இயங்குதளம் புதிதும் இல்லை. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. திறந்தவுடன் இரண்டு பெயர்கள் தெரியும். இரண்டாவது என்ன, எதற்கு என்று எங்கள் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. பல மாணவர்கள் கடையில் காசு கொடுத்து அதை அழித்தார்கள். கருவி கைக்கு வந்தது, அறிவு வரவில்லை. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அம்பேத்கர் பெயரில் சமூகக் கணினி மையம் தொடங்கியபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே இருந்தவை பழைய கணினிகள், அவற்றில் குனு/லினக்ஸ். கூடவே உட்கார்ந்து சொல்லித்தர ஆட்கள் இருந்தார்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

‘கம்ப்யூட்டர் நமக்கெல்லாம் வராது’ என்று யாராவது சொன்னால், மேலே உள்ளதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு பெயர் இருந்தது. பெயர் தெரிந்ததும் தீர்வு கிடைத்தது. திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே எழுதிக்கொண்டு தேடினால் போதும். தமிழிலேயே படிக்க ‘கணியம்’ இதழ் இருக்கிறது.

களத்துக்குப் போகிற, வன்கொடுமை வழக்குகளில் வாக்குமூலம் எழுதுகிற தோழர்கள் லினக்ஸ் போடாவிட்டாலும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வட்டு பூட்டியிருக்கிறதா, சாவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அதைத் தாளில் எழுதி லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். நம்மை நம்பிப் பேசியவர்களின் பெயர்கள் அந்த வட்டில் இருக்கின்றன.